ஆண்ட்ரூஸ் இணையர்: ஆங்கில நிலக்கிழார் குடிவரலாறு ஆயும் நெறி

ஒரு குடியின் வரலாற்றை அறிதற்குரிய சான்றுகள் இருவகைப்படும். குடிப்பெருமை கூறுதற்கென்றே எழுந்தவை ஒருவகை. வேறொரு தேவைக்காக எழுதப்பட்டு, அத்தேவை முடிந்தபின்னர்க் குடிவரலாற்றுக்கும் துணைநிற்பவை மற்றொரு வகை. கொடிவழிப் பட்டியல்களும் கல்லறைப் புகழுரைகளும் முன்னவற்றைச் சாரும். திருமணப் பதிவு, வரிக்கணக்கு, கடன்முறி, உயில் என்பன பின்னவற்றைச் சாரும். இவ்விரண்டனுள் பின்னவையே வலியுடையன என்பது வரலாற்றாய்வார் பலர்க்கும் உடன்பாடு. ஒருவனைப் புகழவேண்டும் என்னும் நோக்கம் அவற்றை எழுதியார்க்கு இல்லாமையே அதற்குக் காரணமாகும்.

இக்கருத்தினைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் ஆங்கில நிலக்கிழார் இணையரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம். அவர்கள் இராபர்ட் ஆண்ட்ரூஸ் என்பாரும் அவர்தம் மனைவியார் பிரான்சிஸ் என்பாரும் ஆவர். இவர்கள் நாடாண்டவரல்லர், நூலியற்றியவருமல்லர். எனினும் தாமஸ் கெயின்ஸ்பரோ என்னும் ஓவியர் 1750-ஐ ஒட்டித் தீட்டிய ஓர் ஓவியத்தால் உலகறிந்த முகங்களாயினர். முகம் அறியப்பட்டது, குடி அறியப்பட்டதா என்பதே நம் வினா.

1. ஓவியம் கூறும் சான்று

ஓவியத்தின் இடப்புறத்தே ஓக் மரத்தடியில் நீலவாடை அணிந்த இளம்பெண் விசிப்பலகையில் அமர்ந்திருக்கின்றாள். அவள் அருகே துப்பாக்கியைக் கையிடுக்கிய கணவர் நிற்கின்றார். அவர் காலடியில் வேட்டைநாய். வலப்புறம் முழுவதும் அறுவடையான வயலும் கதிர்க்கட்டும் மேய்ச்சல் நிலமும் விரிந்து கிடக்கின்றன. உருவப்படத்தில் நிலத்திற்கு இத்துணை இடம் அளித்தது அக்காலத்து வழக்கத்தினும் மிகையே. அந்நிலம் ஓபரீஸ் என்னும் அவர்தம் பண்ணை. எஸெக்ஸ் மாவட்டத்துப் பல்மர் என்னும் ஊரின்கண், சபோக் மாவட்டத்துச் சட்பரி நகருக்கு அண்மையில் உள்ளது அது.

இவ்வோவியம் 1960 வரை அக்குடியினரிடமே இருந்தது. 1927-இல் ஓவியரின் இருநூற்றாண்டு நினைவாக இப்ஸ்விச் நகரில் நிகழ்ந்த கண்காட்சியிலேதான் வெளியுலகம் இதனை நன்கு அறிந்தது. 1960-இல் ஏலத்தில் விற்கப்பட்டு இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தைச் சேர்ந்தது. ஏலவிலை 1,30,000 பவுன். வழிவழியாக ஒரே குடியில் இருந்தமை, படத்திலுள்ளார் இன்னார் என்பதற்கு ஒரு சான்றாகும். ஆயினும் அஃது ஒன்றே போதாது. குடிமரபு பெயரைக் காப்பதுபோலவே சிலபோழ்து மாற்றியும் விடும். எனவே ஓவியத்தை ஆவணத்தோடு ஒட்டவைத்துப் பார்த்தல் வேண்டும். பின்னணியில் தோன்றும் கோயிற்கோபுரத்தைச் சட்பரியின் அனைத்துப் புனிதர் கோயில் எனச் சிலரும், அந்நகரத்துப் புனித பேதுரு கோயில் எனச் சிலரும் கொள்வர். கண்ணாற் காணும் பொருளிலும் கருத்துவேறுபாடு தோன்றுதற்கு இது சான்று.

2. திருமணப் பதிவேடு

இங்கிலாந்தில் ஒவ்வொரு கோயிற்பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றனையும் பதிந்துவைக்குமாறு எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் ஆணை பிறப்பித்தார். 1598 முதல் அப்பதிவுகளின் படியொன்றை ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பும் முறையும் நிலைபெற்றது. மூலம் கரையானுக்கோ ஈரத்துக்கோ இரையாயின், ஆயருக்குச் சென்ற படி துணைபுரியும். இரண்டும் கிடைப்பின் ஒன்றோடொன்று ஒப்புநோக்கலாம். ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழையும் பாடவேறுபாடும் நம் புலவர்க்குப் புதியன அல்ல. ஒரே மனிதரின் குடிப்பெயர் ஈரேடுகளில் ஈரெழுத்தமைப்பிற் காணப்படுதல் அங்கும் உண்டு.

இராபர்ட் ஆண்ட்ரூஸ் பிரான்சிஸ் கார்ட்டரை 1748 நவம்பர் 10-ஆம் நாள் சட்பரியிலுள்ள அனைத்துப் புனிதர் கோயிலில் மணந்தார். மணமகனுக்கு இருபத்திரண்டு அகவையளவு. மணமகளுக்கு ஏறத்தாழப் பதினாறு. மணமகள் கார்ட்டர் குடியினள் என்னும் இச்செய்தியே அவள் பிறந்த குடிக்குச் செல்லும் வாயிலைத் திறக்கின்றது.

அக்காலத்துத் திருமணப் பதிவுகள் பெரும்பாலும் நாளும் இருவர் பெயருமே கொண்டவை. ஹார்ட்விக் பெருமகனார் கொணர்ந்த திருமணச் சட்டம் 1753-இல் நிறைவேறி, 1754 மார்ச்சு 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின்னரே மணமக்களும் சான்றினரும் கையொப்பமிடும் தனியேடு கட்டாயமாயிற்று. ஆகவே 1748-இல் மணந்தாரைத் தேடுவோர், 1760-இல் மணந்தாரைப்பற்றிக் கிடைக்கும் அளவு செய்தியை எதிர்பார்த்தல் கூடாது.

இனி, பதிவின்மையைக் கொண்டு நிகழ்ச்சியின்மையைத் துணிதலும் தவறாம். இதற்கு இவ்வோவியரே சான்றாவார். கெயின்ஸ்பரோ சட்பரியிற் பிறந்தவர். அவருடைய திருமணத்தை அவ்வூர்ப் பதிவேட்டில் தேடுவோர் காணார். அவர் 1746-இல் மார்கரெட் பர் என்னும் நங்கையை இலண்டனில், மேபேர் என்னும் பகுதியிலிருந்த கீத் என்பாரின் சிறுகோயிலில், மறைவாக மணந்தார். இத்தகைய மறைமணங்களை ஒழிக்கவே ஹார்ட்விக் சட்டம் எழுந்தது. ஒரே பள்ளியிற் பயின்ற இருவருள், ஒருவர் திருமணம் உள்ளூர் ஏட்டிலும் மற்றவர் திருமணம் தொலைவிலுள்ள ஏட்டிலும் இருத்தலை ஆய்வார் உளங்கொள்வாராக.

3. ஆண்டுக்கணக்கில் ஒரு பிழை

1752 வரை இங்கிலாந்தில் சட்டமுறையான ஆண்டு சனவரி முதல்நாளில் தொடங்கவில்லை. மார்ச்சு 25-ஆம் நாளிலேயே தொடங்கிற்று. 1752-இல் இம்முறை மாற்றப்பெற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 2-ஆம் நாளை அடுத்து 14-ஆம் நாள் வந்தது. இடைப்பட்ட 11 நாள்கள் கணக்கினின்று நீக்கப்பட்டன.

இதனால் விளையும் பிழை சிறிதன்று. 1748 நவம்பரில் மணந்த ஓர் இணையரின் மகவுக்கு 1749 பிப்ரவரியில் திருமுழுக்கு நிகழ்ந்ததாகப் பழைய ஏட்டில் இருப்பதாகக் கொள்வோம். இக்கால முறையில் அதனைப் படிப்பவர், மணம் நிகழ்ந்து மூன்றே திங்களில் மகவு பிறந்ததெனக் கருதி அக்குடிமேல் பழிசுமத்துவர். பழைய முறையில் 1749-ஆம் ஆண்டின் பிப்ரவரி என்பது இக்காலத்து 1750 பிப்ரவரியாகும். எனவே இடைப்பட்ட காலம் மூன்று திங்களன்று, பதினைந்து திங்கள். ஆண்டுக்கணக்கை அறியாமையால் இறந்துபட்டோர் ஒழுக்கத்திற்கு இழுக்குத் தேடுதல் ஆய்வன்று, அவதூறேயாம்.

4. எல்லையும் உயிலும்

ஸ்டௌர் என்னும் ஆறு சபோக், எஸெக்ஸ் ஆகிய இருமாவட்டங்களையும் பிரிக்கின்றது. சட்பரி ஒருகரையில், பல்மர் மறுகரைப் பக்கத்தில். நடந்து செல்லும் தொலைவேயாயினும், பதினெட்டாம் நூற்றாண்டில் சட்பரி நார்விச் ஆயரின் ஆட்சிக்கும், எஸெக்ஸ் இலண்டன் ஆயரின் ஆட்சிக்கும் உட்பட்டிருந்தன. இதனால் ஒரே குடியின் ஆவணங்கள் இரு மாவட்டங்களில், இரு சமயவாட்சியரின் காப்பில் சிதறின. மணத்தைச் சட்பரியில் கண்டவர் அடக்கத்தையும் அங்கேயே தேடின் ஏமாறுவர். ஆண்ட்ரூஸ் இணையரின் கல்லறை பல்மர்க் கோயிலில் உள்ளது. அக்கோயில் புனித ஆண்ட்ரூவின் பெயரால் வழங்குவது. பெயரொற்றுமை கண்டு அதனைக் குடிப்பெயரோடு இயைத்தல் பொருந்தாது.

1858 வரை உயில்களை மெய்ப்பித்து ஏற்பவை சமய நீதிமன்றங்களே. இறந்தவர் ஐந்து பவுனுக்குக் குறையாத பொருளை ஒன்றுக்கு மேற்பட்ட ஆயர் ஆட்சிகளில் உடையவராயின், அவ்வுயில் தென்மாநிலத் தலைமைப் பேராயரான காண்டர்பரியாரின் மன்றத்திற்குச் சென்றது. ஆகவே எல்லையூர் நிலக்கிழார் உயிலை உள்ளூரிற் காணாதவர், காண்டர்பரி மன்ற ஏடுகளை நாடவேண்டும். அவை இன்று இலண்டனை அடுத்த கியூ என்னும் இடத்திலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

5. நிலத்திற்குப் பின்னிருந்த பணம்

ஓவியத்தை மட்டும் காண்போர், இக்குடி தொன்றுதொட்டு அந்நிலத்தை ஆண்டதென்றே எண்ணுவர். அவ்வெண்ணத்தை விளைத்தலே உருவப்படத்தின் நோக்கமும் ஆகும். ஆவணங்கள் வேறு கூறுகின்றன. இராபர்ட்டின் தந்தையாரும் இராபர்ட் என்னும் பெயரினரே. அவர் நிலக்கிழாராயினும் வெள்ளி வேலைத்தொழிலிலும் பணம் கடன்கொடுத்தலிலும் ஈடுபட்டவர். பிரான்சிஸின் தந்தையார் வில்லியம் கார்ட்டர் பாலிங்டன் மாளிகையினர். அவர்தம் குடிச்செல்வம் துணிவாணிகத்தில் ஈட்டியது. கடையும் கடனும் ஈன்ற செல்வம் ஒரு தலைமுறைக்குள் வயலாகவும் வேட்டைத்துப்பாக்கியாகவும் உருமாறியமையை நாம் காண்கின்றோம். அதே ஊரில் துணித்தொழில் செய்த ஓவியரின் தந்தை ஜான் கெயின்ஸ்பரோ 1733-இல் நொடித்துப்போனார் என்பதையும் உடன்வைத்து நோக்கின், இம்மாற்றம் எல்லார்க்கும் வாய்த்ததன்று என்பது புலனாகும்.

குடிப்பெருமை கூறும் நூல்களில் இத்தகையோரைத் தேடுதல் பயன்குறைந்தது. அரசவைச் சின்னவியலார் மாவட்டந்தோறும் சென்று மேன்மக்கள் கொடிவழிகளைப் பதிந்த முறை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நின்றுபோயிற்று. அதன்பின் உயர்ந்த குடிகள் அவ்வேடுகளில் இடம்பெறா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளிவந்த நிலக்கிழார் கொடிவழித் தொகுதிகளோ, குடியினர் தாமே கொடுத்த செய்திகளைப் பெரிதும் நம்பியவை. எனவே நிலவரிப் பட்டியல், பண்ணைமன்றச் சுருள், அடைமான முறி ஆகியவற்றையே துணைக்கொள்ளல் வேண்டும். பண்ணைமன்றச் சுருளில், இன்ன குடியானவர் இறந்தார், இன்னார் வழியுரிமையால் ஏற்கப்பட்டார் என்று எழுதப்பட்டிருக்கும். தலைமுறைத் தொடர்பை அறிய இதனினும் நேரிய சான்று அரிது. 1733 வரை இச்சுருள்கள் பொதுவாக இலத்தீனில் அமைந்தமையால், முந்திய தலைமுறையை ஆய்வார்க்கு அம்மொழிப் பயிற்சியும் வேண்டப்படும். தந்தையும் மைந்தரும் ஒரே பெயரினராயின், இருப்பிடம், தொழில், இறந்த நாள் என்னும் மூன்றனையும் கொண்டு பிரித்தறிதல் முறை.

6. பிரான்சிஸ் என்னும் பெயர்

இதுகாறும் கூறியவற்றுள் கணவரின் குடியைத் தொடர்தல் ஓரளவு எளிது. மனைவியின் குடியைத் தொடர்தலே கடிது. இது தற்செயலன்று, சட்டத்தின் விளைவு. ஆங்கிலப் பொதுச்சட்டத்தின்படி மணமான பெண்ணின் சட்டநிலை கணவன் நிலைக்குள் அடங்கிற்று. அவள் தன் பெயரால் ஒப்பந்தம் செய்தலும், கணவன் இசைவின்றி உயில் எழுதுதலும் பொதுவாக இயலா. 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே இந்நிலையை மாற்றின. அதற்குமுன் பெண்ணொருத்தி தன் விருப்பப்படி உயில் எழுத வாய்த்த காலங்கள் இரண்டே: மணத்திற்கு முன்னும், கைம்மைக்குப் பின்னும். கைம்பெண்டிர் உயில்கள் மகளிர் பெயரையும், உடன்பிறந்தாள் மக்களையும், அணிகலனையும், பணிப்பெண்ணையும் விரித்துரைக்கும் சிறப்பினை உடையன.

பிரான்சிஸ் ஒன்பது மக்களைப் பெற்று 1780-இல் இறந்தார். கணவர் மறுமணம் செய்து 1806 வரை வாழ்ந்தார். கணவருக்கு முன்னரே இறந்தமையால், மணவுடன்படிக்கை தனியுரிமை ஏதேனும் காத்துவைத்திருந்தாலன்றி, தம் குரலில் ஓர் உயில் விட்டுச்செல்லும் வாய்ப்பு அவருக்குச் சட்டத்தால் அமையவில்லை. ஆகவே அவரைத் தேடுவோர் பிறர் ஆவணங்களிலேயே தேடவேண்டியவராகின்றனர். தந்தையின் உயிலில் மகளாகவும், மணவுடன்படிக்கையில் ஒருதரப்பினளாகவும், மக்களின் திருமுழுக்குப் பதிவில் குடிப்பெயரற்ற தாயாகவும், அடக்கப் பதிவில் இன்னார் மனைவியாகவுமே இத்தகைய பெண் தோன்றுவாள். இந்நான்கனையும் இணைத்தாலன்றி ஒருத்தியின் வாழ்வு உருப்பெறாது. இவற்றுள் மணவுடன்படிக்கை தலையாயது. நிலம் எவ்வழிச் செல்லும், கைம்மையில் அவளுக்குரிய ஆண்டுப்பொருள் யாது, இளைய மக்களுக்குரிய பங்கு யாது என்பவற்றை இருகுடியாரும் பேசி முடித்த ஆவணம் அதுவே. நிலமுடைய குடிகளில் திருமணம் இரு மனிதரின் கூட்டமாதலோடு இரு சொத்துகளின் கூட்டமாகவும் இருந்தமையை அது காட்டும்.

ஓவியத்தில் பிரான்சிஸின் மடிப்பகுதி வண்ணம் தீட்டப்படாது விடப்பட்டுள்ளது. அங்கு ஒரு பறவையையோ நூலையோ மகவையோ வரைய எண்ணியிருக்கலாம் எனப் பலர் பலவாறு கூறுவர். அவ்வூகங்களுள் யாதொன்றும் மெய்ப்பிக்கப்பெற்றதன்று. வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்புதல் புலவர்க்கு எளிது. ஆவணத்தால் நிரப்பமுயல்வதே ஆய்வார் கடமை.

முடிபு

மேற்கூறியவற்றால் அறியத்தக்கன நான்காம். குடிமரபும் ஓவியமும் ஆய்வின் தொடக்கமாமேயன்றி முடிபாகா. ஓரேட்டில் பெயர் இன்மை நிகழ்ச்சி இன்மைக்குச் சான்றாகாது. ஆண்டுக்கணக்கையும் ஆட்சியெல்லையையும் அறியாதார் சரியான ஏட்டைக் கண்டும் தவறாகப் படிப்பர். நான்காவதாக, தந்தைவழிக் குடிப்பெயரை மட்டும் பற்றிச்செல்லும் கொடிவழி பாதி வரலாறேயாம். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெண் தன் பிறந்த குடியின் பெயரை விட்டு வருகின்றாள். அப்பெயரோடு அவள் கொணர்ந்த நிலமும் பணமும் அறிவும் மற்றொருவர் பெயரில் வழங்கத் தொடங்குகின்றன. அவள் விட்டுவந்த பெயரை மீட்டெடுக்கும்வரை அக்குடியின் வரலாற்றை முற்ற அறிந்தோம் என்று நாம் கூறிக்கொள்ளுதற்கு உரிமை இல்லை.