சர்க்கரைத் தேசம் – 9: ஆறாத புண்ணும் அடங்காத அழற்சியும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்கள் கல்லாற்றில் வண்டியை நிறுத்தாமல் போவது அபூர்வம். மலை ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள் இந்த ஊரைத் தாண்டித்தான் தொடங்குகின்றன. கீழே வாமனபுரம் ஆறாகப் போகிற தண்ணீர் இங்கே வழவழப்பான உருண்டைப் பாறைகளுக்கு நடுவே சலசலத்து ஓடுகிறது. செருப்பைக் கரையில் கழற்றிப் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கிவிடுகிறார்கள்.

சாலையோர டீக்கடையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ரப்பர் வெட்டுகிறவர். அறுபதை நெருங்கும் வயது. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய், வேலை முடித்துவிட்டு வந்திருந்தார். "ஒரு வித்தவுட்" என்றார் கடைக்காரரிடம். கேரளத்து டீக்கடையில் அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. சர்க்கரை போடாத டீ வந்துவிடும். ஒரு காலைத் தூக்கி மறு முழங்கால்மேல் போட்டபோது பெருவிரலின் அடிப்பக்கம் தெரிந்தது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் புண். விளிம்பு காய்ப்புக் காய்த்தாற்போலத் தடித்து வெளுத்திருந்தது. நடுவில் ஆறுகிற புண்ணுக்கு உரிய சிவப்பைக் காணோம், மங்கிய மஞ்சள்தான்.

"வலிக்கலையா சேட்டா?"

"வலியே இல்ல சாரே. மூணு மாசமா இருக்கு. வலிச்சிருந்தா அப்பவே போய்க் காட்டியிருப்பேன்."

அன்றைக்கே விதுரா அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். வலி தெரியாததற்குக் காரணம், வருடக்கணக்காக ஏறியிருந்த சர்க்கரையால் பாதத்து நரம்புகள் உணர்விழந்தது. அதை இந்தத் தொடரில் முன்பே பார்த்திருக்கிறோம். ஆனால் வலி தெரியாதது வேறு, ஆறாதது வேறு. மூன்று மாதமாக அந்தப் புண் ஏன் மூடவில்லை? ரத்த ஓட்டம் குறைந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெள்ளையணுக்கள். இந்த வாரம் அவற்றைப் பற்றித்தான்.

தோல் கிழிந்த சில மணி நேரத்துக்குள் அங்கே முதலில் வந்து சேர்பவை நியூட்ரோஃபில்கள். கிருமிகளை விழுங்கிவிட்டு அவையும் மடியும். இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கு செல்கள் வரும். அவை முதலில் அழற்சியைக் கிளப்பும். சிவக்கும், வீங்கும், சூடாகும். குப்பை நீங்கியதும் அதே செல்கள் குணம் மாறி, புது ரத்தக் குழாயும் புதுத் திசுவும் வளரத் தூண்டும். புண் ஆறுவதென்பது இந்தக் குணமாற்றம்தான்.

சர்க்கரை நோயில் இது இரண்டு இடத்தில் கெடுகிறது. நியூட்ரோஃபில்கள் தாமதமாக வருகின்றன, வந்தாலும் சரியாக விழுங்குவதில்லை. அதே நேரத்தில், தம் மரபணு இழைகளையே வலையாக வெளியே கக்கிச் சாகும் போக்கு அவற்றில் அதிகமாகிறது. அந்த வலைகள் புண் மூடுவதைத் தடுக்கின்றன என்று பாஸ்டன் ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். பின்னால் வரும் மேக்ரோஃபேஜ்களோ குணம் மாறாமல் அழற்சி நிலையிலேயே நின்றுவிடுகின்றன. கிருமியைக் கொல்ல முடியாத மந்தம், புண்ணை ஆறவிடாத ஆவேசம், இரண்டும் ஒரே உடம்பில், ஒரே புண்ணில். 'சர்க்கரைக்காரருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி வயிற்றுக் கொழுப்பில் இருக்கிறது. அதன் தடயம் ஆச்சரியப்படும் அளவுக்குப் பழையது. 1876இல் எப்ஸ்டைன் என்ற ஜெர்மானிய மருத்துவர், மூட்டுவலிக்குக் கொடுக்கும் சாலிசிலேட் உப்பு சர்க்கரை நோயாளிகளின் சிறுநீர்ச் சர்க்கரையைக் குறைப்பதை எழுதினார். 1901இல் மான்செஸ்டரில் வில்லியம்சன் அதையே மறுபடி கண்டார். இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. வலி மாத்திரைக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த அவதானிப்பு அப்படியே கிடந்தது.

விடை 1993இல் வரத் தொடங்கியது. பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டி.என்.எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது, அதை முடக்கினால் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது என்று ஹோதமிஸ்லிகில், ஸ்பீகல்மன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொழுப்புக்குள் இந்த வேலையைச் செய்வது யார் என்பது 2003இல் தெரிந்தது. மேக்ரோஃபேஜ்கள்! மெலிந்தவர்களின் கொழுப்புத் திசுவில் பத்து செல்லுக்கு ஒன்றுகூட இல்லாத அவை, மிகவும் பருத்தவர்களில் நாற்பது சதவீதம் வரை இருந்தன. அளவு மீறி உப்பிய கொழுப்புச் செல் சாகிறது. அதைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் வட்டமாக உட்கார்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் அது கிரீடம் வைத்ததுபோல் தெரியும். அங்கிருந்து கசியும் பொருள்கள், செல்லுக்குள் இன்சுலின் சொல்லும் செய்தியை வழியிலேயே மறிக்கின்றன. கணையத்திலும் இதே கதை. அங்கே படியும் ஒருவகைப் புரதத்தை விழுங்கும் மேக்ரோஃபேஜ்கள் இன்டர்லூகின்-1 என்ற பொருளைக் கக்குகின்றன. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களுக்கு அது நஞ்சு. காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. சாம்பல் மூடிய வரட்டிபோல வருடக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

'நான் ஒல்லிதானே' என்று இதைக் கடந்துபோக நம் ஊர்க்காரர்களுக்கு வழியில்லை. புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்தையே அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான்: 22.3. உடம்பில் கொழுப்போ, யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. சென்னையில் சர்க்கரை நோய் மருத்துவர் மோகனின் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு உடல் கொழுப்போடும் சர்க்கரை நோயோடும் சேர்ந்தே போனது. 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை. கல்லாறு போன்ற மலையடிவாரத்து டீக்கடையிலும் வித்தவுட் கேட்பதற்கு ஆள் இருப்பதில் வியப்பில்லை.

அழற்சிதான் காரணம் என்றால் அதை அடக்கும் மருந்து கொடுக்கலாமே? கொடுத்துப் பார்த்தார்கள். சாலிசிலேட் வகை மருந்தான சால்சலேட், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 48 வாரத்தில் 0.37 சதவீதப் புள்ளி மட்டுமே குறைத்தது. இன்டர்லூகின்-1ஐ முடக்கும் கேனகினுமாப் ஊசியை, மாரடைப்பு வந்து மீண்ட 10,061 பேரிடம் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். மாரடைப்பு குறைந்தது. புதிதாகச் சர்க்கரை நோய் வருவது குறையவில்லை. உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. ஆவேசத்தை அடக்கப்போனால் காவலும் சேர்ந்து தளர்ந்துவிடுகிறது. எனக்கு இதில் ஏமாற்றத்தைவிடத் தெளிவுதான் அதிகம்: ஒற்றை மாத்திரையில் தீர்கிற கோளாறு இல்லை இது.

இந்த இடத்தில் சென்னையின் இன்னொரு ஆய்வைச் சொல்லியாக வேண்டும். மலையாளிகள் மந்து என்றும் நாம் யானைக்கால் என்றும் சொல்லும் நோயைத் தருகிற புழு, மனித உடம்பில் வருடக்கணக்கில் தங்கி வாழ்கிறது. எதிர்ப்புச் செல்களைச் சாந்தப்படுத்தத் தெரிந்தால்தான் அப்படி வாழ முடியும். சென்னையில் 1,416 பேரிடம் அந்தப் புழுத்தொற்றின் தடயத்தைத் தேடி 2010இல் முடிவு வெளியிட்டார்கள். சர்க்கரை இல்லாதவர்களில் 10.4 சதவீதம் பேரிடம் தடயம் இருந்தது. சிகிச்சை எடுக்கும் சர்க்கரை நோயாளிகளில் 4.3 சதவீதம்தான். சர்க்கரையும் புழுத்தொற்றும் சேர்ந்து இருந்தவர்களுக்கு டி.என்.எஃப் உள்ளிட்ட அழற்சிப் பொருள்கள் குறைவாக இருந்தன. புழுதான் சர்க்கரையைத் தடுத்தது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. யானைக்காலை மறுபடி வரவேற்கவும் யாரும் சொல்லவில்லை. ஆனால் நாம் ஒழிக்கப் போராடும் புழுக்களுக்கு நம் வெள்ளையணுக்களை அமைதிப்படுத்தும் வித்தை தெரிந்திருந்தது. அந்தப் பொருள்களைத் தனியே பிரித்தெடுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. நம் ஊர் ஆய்வுக்கூடங்கள் முன்னால் நிற்க வேண்டிய துறை இது.

மந்தமும் ஆவேசமும் ஒரே நேரத்தில் உயிருக்கு உலை வைக்கும் இடம் நுரையீரல். சர்க்கரை இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. கேரளத்தில் 552 காசநோயாளிகளைப் பரிசோதித்து 2012இல் வெளியிட்டபோது, அவர்களில் 44 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அந்தப் பரிசோதனையில்தான் அதுவே தெரியவந்தது. சர்க்கரை உள்ளவரின் நுரையீரலில் விழுங்கு செல்கள் தாமதமாக விழித்துக்கொள்கின்றன. அதற்குள் கிருமி பெருகிவிடுகிறது. பிறகு தாக்குதல் அளவு மீறுகிறது. இரண்டும் சேர்ந்த நோயாளிகளின் ரத்தத்தில் டி-செல்கள் என்ற வெள்ளையணுக்களின் கொந்தளிப்பு கூடுதலாக இருப்பதைச் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2013இல் பதிவு செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சர்க்கரை உள்ளவர் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பல் ஈறும் அப்படித்தான். ஈறில் ரத்தம் கசிவதைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதே இல்லை. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.43 குறைகிறது என்று 2022இல் காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது. மேலே சொன்ன சால்சலேட்டைவிட அது அதிகம்! நடைக்கும் இதில் பங்குண்டு. வேலை செய்யும் தசைகளிலிருந்து அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன, வயிற்றுக் கொழுப்பும் கரைகிறது. ஆனால் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், ரப்பர் தோட்டத்திலும் ஆற்றுப் பாறையிலும் சொந்த வீட்டு முற்றத்திலும்கூட. படுக்கப் போகுமுன் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வலிக்காத புண்ணாக இருந்தால் மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த வாரம்: சிறுநீரகம்.