மழைக்காலத்து ‘மிஸ்ஸிங்’: ஈரத்தைத் துடைத்தால் மட்டும் போதுமா?

மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையில், மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகளும் கிழக்கே தாணே உப்பங்கழியும் சூழ அமைந்துள்ளது முலுண்ட். ஜூனில் தொடங்கும் பருவமழை இங்கே செப்டம்பர் வரை நீடிக்கும். இந்த நான்கு மாதங்களில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் பதிவாகும் சராசரி மழை 2,200 மி.மீட்டருக்கு மேல். சென்னை ஓர் ஆண்டு முழுவதும் பெறும் மழையைப் போல இது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

இப்பருவத்தில், இரவெல்லாம் திறந்தவெளியில் நனைந்த பெட்ரோல் கார் காலையில் நடுங்கியபடி புறப்படுவதைப் பலரும் கண்டிருப்போம். எஞ்சினின் ஓசை சீராக இராது. மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இழுக்காது. மெக்கானிக்குகள் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். பெரும்பாலும் சிறு செலவில் தீரக்கூடிய கோளாறுதான் இது. கவனியாது விட்டாலோ, செலவு பல மடங்காகிவிடும்.

ஈரம் என்ன செய்கிறது?

பேட்டரி தருவது 12 வோல்ட் மட்டுமே. இக்னிஷன் காயில் அதனை 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தி ஸ்பார்க் பிளக்குக்கு அனுப்புகிறது. பிளக்கின் முனையில் உள்ள ஏறத்தாழ ஒரு மி.மீ. இடைவெளியைத் தாண்டும்போது தீப்பொறி பிறந்து எரிபொருளைப் பற்றவைக்கிறது. அழுக்கும் உப்பும் கலந்த ஈரப்படலம் வழியில் இருந்தால், மின்சாரம் அந்த எளிய பாதையிலேயே எஞ்சினின் உலோக உடலுக்குக் கசிந்துவிடும். அந்த சிலிண்டரில் பொறி எழாது. எரிபொருளும் எரியாமலே வெளியேறும்.

மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சிகளாக நெடுங்காலம் ஓடிய பிரீமியர் பத்மினி, முலுண்டுக்குத் தெற்கே உள்ள குர்லாவின் தொழிற்சாலையில் உருவானது. அக்காலக் கார்களில் ஒரே காயிலிலிருந்து ‘டிஸ்ட்ரிபியூட்டர்’ என்னும் பகுதிதான் நான்கு பிளக்குகளுக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும். மழையில் வண்டி நின்றால், அதன் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மீண்டும் மாட்டுவது ஓட்டுநர்கள் அறிந்த கைவைத்தியம். கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனி காயில் பொருத்தப்பட்டிருக்கிறது. பிளக் அமர்ந்திருக்கும் ஆழமான குழிக்குள் நீர் இறங்கினால், பானெட்டைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியாது என்பதே இதிலுள்ள சிக்கல்.

உலர்த்துவது முதலுதவி மட்டுமே

நல்ல நிலையில் உள்ள காயிலும் அதன் ரப்பர் உறையும் சாதாரண மழை ஈரத்தைத் தாங்கும். ஆகவே மழையில் மட்டும் மிஸ்ஸிங் ஏற்படுகிறது எனில், ஏதோ ஒரு பகுதியின் மின்காப்பு ஏற்கெனவே தளர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். ரப்பர் உறையில் வெடிப்பு, காயிலில் மயிரிழை போன்ற விரிசல், தேய்ந்த பிளக் ஆகியவை வழக்கமான காரணங்கள். மின்சாரம் கசிந்த இடத்தில் கரிக்கோடு விழுந்திருந்தால், உலர்ந்த பிறகும் அதே வழியில் மின்சாரம் கசியும். அப்பகுதியை மாற்றுவது ஒன்றே தீர்வு.

சி.என்.ஜி.யிலும் ஓடும் கார்களில் இக்குறை முன்னதாகவே வெளிப்படும். பெட்ரோலைவிட அவ்வாயுவைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. பெட்ரோலில் சீராக ஓடும் வண்டி சி.என்.ஜி.யில் மட்டும் திணறினால், முதலில் பிளக்கையும் காயிலையும் சோதிக்கச் சொல்லலாம். டீசல் கார்களில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அவற்றின் திணறலுக்குக் காரணம் வேறு.

பணிமனையில் கவனிக்க வேண்டியவை

எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறிய பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும். ஓடும் எஞ்சினில் காயிலைத் தொடுவது ஆபத்து.

மெக்கானிக் ஸ்கேனரைப் பொருத்தினால் எந்த சிலிண்டரில் குறை என்பது குறியீடாகத் தெரியும். பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டர். பி0303 என்றால் மூன்றாவது. இரண்டாவதன் காயிலை மூன்றாவதில் மாற்றிப் பொருத்தியதும் குறியீடு பி0303 ஆக மாறினால், குறை அந்தக் காயிலில்தான். மாறாவிடில் பிளக் முதலியவற்றைப் பார்க்க வேண்டும். இவ்வெளிய சோதனையைக் கேட்டுச் செய்துகொண்டால், நான்கு காயில்களையும் வீணாக மாற்றும் செலவு மிஞ்சும்.

பிளக்கைக் கழற்றும் முன் குழியிலுள்ள நீரையும் தூசியையும் காற்றழுத்தத்தால் ஊதி அகற்ற வேண்டும். இல்லையேல் அவை சிலிண்டருக்குள் விழும். மீண்டும் பொருத்துகையில், ரப்பர் உறையின் வாயில் மின்காப்புக்குரிய சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுவது ஈரத்தைத் தடுக்கும். பானெட்டின் உட்புறத்தை வேகமான நீர்ப்பீச்சியால் கழுவுவதைத் தவிர்ப்பது நலம்.

கருவிப்பலகையில் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். எரியாத எரிபொருள் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மிகையாகச் சூடேற்றிப் பாழாக்கும். அதன் விலையோடு ஒப்பிட்டால் காயிலின் விலை மிகச் சொற்பம்.

ஈரம் வேறு, வெள்ளம் வேறு

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது. அதே நாளில் கொலாபாவில் பெய்ததோ 73 மி.மீ. மட்டுமே. ஒரே நகரின் இரு முனைகளுக்கிடையே இத்தனை வேறுபாடு! காலையில் நாம் புறப்படும் இடத்தின் வானத்தைக் கொண்டு மாலையில் திரும்பும் வழியைக் கணிக்க இயலாது.

தேங்கிய நீரில் எஞ்சின் சட்டென நின்றுபோனால், அதனை ஈரத்தால் வந்த மிஸ்ஸிங் என எண்ணி மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. காற்று செல்லும் வழியாக நீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கலாம். காற்றைப் போல நீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதன்மீது மோதுகையில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்போது எஞ்சினையே பிரிக்க நேரிடும்.

இவ்விடத்தில் காப்பீட்டையும் நினைவில் கொள்வோம். வழக்கமான முழுக் காப்பீட்டுப் பத்திரத்தில் இயந்திர, மின் பழுதுகளும் தொடர்விளைவான சேதங்களும் விலக்கப்பட்டிருக்கும். நீர் புகுந்த எஞ்சினை மீண்டும் இயக்கியதால் நேரும் சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படுவது இதனால்தான். எஞ்சின் பாதுகாப்புக்கெனக் கூடுதல் பிரீமியத்தில் தனி இணைப்பு உண்டு. அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து, பருவமழைக்கு முன்பே முடிவு செய்வது நன்று. வண்டி நீரில் நின்றால் நிலைமையைப் படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் பணிமனைக்கு அனுப்புவதே முறை.

கார் பணிமனையில் நின்றாலும் கடனின் மாதத் தவணை நிற்பதில்லை. ஆகவே மே மாத சர்வீஸின்போதே பிளக்குகளையும் காயில்களின் ரப்பர் உறைகளையும் கழற்றிப் பார்க்கச் சொல்வோம். அரை மணி நேர வேலைதான் அது. நான்கு மாத மழையைக் கவலையின்றிக் கடக்க உதவும்.