செங்கணியான்

வண்டிப்பெரியாற்றிலிருந்து கோட்டயம் செல்லும் பேருந்து, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து, பீருமேடு, குட்டிக்கானம் வழியாக மலையிறங்குகிறது. மலையடிவாரத்தில் முண்டக்கயம் என்னும் ஊர் உள்ளது. மணிமலையாறு அவ்வூரின் வழியே ஓடுகிறது. பேருந்தில் செல்வோர் பலர் அறியாத சிறப்பு ஒன்று அவ்வூருக்கு உண்டு. இன்று பல நாடுகளில் கண்ணாடித் தொட்டிகளில் நீந்தும் அழகிய மீன் ஒன்று, முண்டக்கயத்தில் கிடைத்த மீன்களைக் கொண்டே அறிவியல் உலகிற்கு முதன்முதலில் அறிமுகமானது.

அம்மீனை மலையாள மொழியில் செங்கணியான் என்றும் சோரக்கணியான் என்றும் அழைப்பர். தமிழைப் போலவே மலையாளத்திலும் 'செம்' என்பது சிவப்பு நிறத்தைக் குறிக்கும். 'சோர' என்பதன் பொருள் குருதி. அலங்கார மீன் வணிகர்கள் இதற்கு 'மிஸ் கேரளா' என்று பெயரிட்டனர். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே என்பவர் 1865ஆம் ஆண்டில் இம்மீனை விவரித்து எழுதினார். அக்காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த டெனிசன் என்பவரின் பெயரை இதற்குச் சூட்டினார். 2013ஆம் ஆண்டில் அறிஞர்கள் இதனைச் 'சஹ்யாத்ரியா' என்னும் புதிய பேரினத்தில் சேர்த்தனர். சஹ்யாத்ரி என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்றொரு பெயராகும்.

செங்கணியான் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வரை வளரக்கூடிய சிறிய மீன். இதன் உடல் வெள்ளி போல் மின்னும். மூக்கு நுனியில் தொடங்கும் சிவப்புக் கோடு, கண்ணைக் கடந்து உடலின் நடுப்பகுதி வரை செல்லும். அதன் கீழே ஒரு கறுப்புக் கோடு வால் வரை நீளும். முதுகுத் துடுப்பின் முன்விளிம்பும் சிவப்பாகவே இருக்கும். வால் துடுப்பின் இரு கிளைகளிலும் கறுப்பு, மஞ்சள் பட்டைகள் காணப்படும்.

இம்மீனின் வடிவம் அது வாழும் இடத்திற்குப் பொருத்தமானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி மேற்கே பாயும் சில ஆறுகளில் மட்டுமே இது இயற்கையாக வாழ்கிறது. பாறைகள் நிறைந்து, நீர் விரைந்தோடும் பகுதிகளில் இது கூட்டமாக நீந்தும். பாறைகளில் மோதி ஓடும் நீரில் காற்று நன்கு கலப்பதால், அந்நீரில் உயிர்வளி மிகுந்திருக்கும். இருமுனையும் குறுகிய ஒல்லியான உடல், நீரோட்டத்தை எதிர்த்து நீந்த உதவுகிறது. கரையில் அடர்ந்த மரஞ்செடிகள் ஆற்றுக்கு நிழல் தருகின்றன. பாசி, தாவரப் பகுதிகள், சிறு பூச்சிகள் ஆகியவை இதன் உணவாகும்.

மீனின் அழகே அதற்குத் துன்பமாகவும் அமைந்தது. 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நடைபெற்ற அலங்கார மீன் கண்காட்சியில் செங்கணியான் பரிசு பெற்றது. அதன்பின் வெளிநாடுகளில் இதனை விரும்புவோர் பெருகினர். ஆறுகளிலிருந்து மீன்கள் பெருமளவில் பிடிக்கப்பட்டு ஏற்றுமதியாயின. கரைக்காடுகளின் அழிவும் நீர் மாசடைதலும் இதன் வாழிடத்தைச் சுருக்கின. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்துள்ளது.

2008ஆம் ஆண்டில் கேரள மீன்வளத்துறை இம்மீனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. சூன், சூலை, அக்டோபர் ஆகிய மாதங்களில் இதனைப் பிடிக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. மீன்கள் இனம்பெருக்கும் காலத்தில் அவற்றுக்கு இடையூறு நேராமல் காப்பதே இத்தகைய தடையின் நோக்கம். ஆனால், செங்கணியான் அக்டோபர் முதல் மார்ச் வரை இனம்பெருக்குகிறது என்பதை ஆய்வாளர்கள் பின்னர்க் கண்டறிந்தனர். அக்டோபர் தவிர, அக்காலத்தின் ஏனைய மாதங்களில் மீன்களுக்குப் பாதுகாப்பு இல்லாமற்போயிற்று. நல்ல நோக்கத்துடன் வகுத்த விதியும், மீனின் வாழ்க்கையை முழுமையாக அறியாததால் உரிய பயனைத் தரவில்லை.

இன்று செங்கணியானைப் பண்ணைகளிலும் வளர்க்கின்றனர். பண்ணை மீன்கள் மிகுந்தால் ஆற்று மீன்களைப் பிடிக்கும் தேவை குறையும். ஆயினும், தொட்டியில் மீனை வளர்ப்பதால் ஆறு காக்கப்பட்டுவிடாது. பாறையும் நிழலும் தெளிந்த நீரோட்டமும் இருந்தால்தான் இம்மீன் தன் சொந்த ஆற்றில் வாழ முடியும். எந்த மீன் எந்த மாதத்தில் குஞ்சு பொரிக்கிறது, எந்தப் பாறையருகே கூட்டமாக நீந்துகிறது என்பவற்றை ஆற்றங்கரையில் வாழ்வோர் நாள்தோறும் கவனிக்க இயலும். மீனைக் காக்கும் முயற்சி, இவ்வாறு அதனை அறிந்துகொள்வதிலிருந்தே தொடங்குகிறது.