வேஷம் கலைந்த பிறகு

எங்கள் மண்கும்பானில், வெண்மணற் பரப்பின்மேல் கொட்டகை போட்டு விடிய விடியக் கூத்து நடந்த காலத்தில், அரிச்சந்திரனாக வந்து ஆடிய மனுஷர் காலையில் கிணற்றடியிலே முகத்து அரிதாரத்தைக் கழுவி முடிப்பதற்கு முன்னரே, இன்னார் வீட்டிலே காலைச் சாப்பாடு, இன்னார் வீட்டிலே மத்தியானச் சாப்பாடு, பின்னேரம் ஒரு கலியாண வீட்டில் தலைகாட்டுதல் என்று, அவருடைய பகற்பொழுது முழுவதையும் ஊரார் தங்களுக்குள்ளே பங்கு போட்டு முடித்திருப்பார்கள். இரவெல்லாம் சுடலை காத்தவருக்கு ஒரு கண் நித்திரை கொள்ளவும் அவகாசம் கிடையாது. மறுத்தாலோ, பெயர் வந்ததும் தலைக்கனமும் வந்துவிட்டது என்ற பழி அவர் படகேறும் முன்பே அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சிறு பிராயத்தில் இதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, நடிகனுடைய உண்மையான உழைப்பு திரை விழுந்த பிறகுதான் தொடங்குகிறது போலும் என்று தோன்றியதுண்டு. பிற்காலத்தில் ஹென்றி இர்விங் என்னும் ஆங்கில நடிகரின் சரித்திரத்தைப் படித்தபோது, அந்த எண்ணம் அவ்வளவு பிழையானதன்று என்று கண்டுகொண்டேன்.

விக்டோரியா மகாராணியின் காலத்து இங்கிலாந்திலே இவருக்கு நிகரான கீர்த்தி பெற்ற நடிகர் வேறொருவர் இல்லையென்றே சொல்லலாம். 1838ஆம் ஆண்டு ஜோன் ஹென்றி புரொட்ரிப் என்ற பெயரோடு ஒரு சிற்றூரிலே பிறந்து, மேடைக்காக இர்விங் என்ற பெயரைச் சூடிக்கொண்டு, நெடுங்காலம் வெளியூர்க் கம்பெனிகளிலே அலைந்து, 1878இல் இலண்டன் லைசியம் நாடகசாலையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்ட அவர், அங்கே தமக்குத் துணையாக டப்ளினிலே அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை அழைத்து வைத்துக்கொண்டார். அவர்தாம் பின்னாளில் ‘டிராகுலா’ என்னும் பயங்கரக் கதையை எழுதிப் பிரசித்தியடைந்த பிராம் ஸ்டோக்கர். இர்விங்கின் பெயரால் அவர் எழுதிய கடிதங்கள் நாளொன்றுக்கு ஐம்பது வரையிலாவது இருக்கும் என்பார்கள். இலவச அநுமதிச் சீட்டுக் கேட்போர், தாம் எழுதிய நாடகத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி மன்றாடுவோர், நலிந்துபோன பழைய நடிகருக்காக உதவி வேண்டுவோர், விருந்துக்கு அழைப்போர், தாங்களே விருந்துக்கு அழைக்கப்படவில்லையே என்று குறைப்படுவோர் என, ஒரு பிரபல நடிகரின் வாசலில் வந்து நிற்கும் உலகம் எத்தகையது என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பதில் எழுதாவிட்டால் கர்வி. அவசரமாக இரண்டு வரி எழுதினால் அசட்டை. எல்லோருக்கும் இசைந்தாலோ கஜானா காலி. இதிலே வேடிக்கை என்னவென்றால், இர்விங் தம் கையாலேயே எழுதிய கடிதங்களை வாசித்தறிவது பெரும்பாடு. அவ்வளவு கோணல் எழுத்து. செயலாளரை வைத்துக்கொண்டது அவருக்கு மாத்திரமன்றி, அவருடைய நண்பர்களுக்கும் உபகாரமாகவே முடிந்தது.

கடிதத்தைவிடச் செலவு மிகுந்தது விருந்து. லைசியத்துக்குள்ளேயே பழையதொரு சாப்பாட்டுக் கழகம் கூடிய அறையைப் புதுப்பித்து, நாடகம் முடிந்த நள்ளிரவுகளில் அங்கே பிரபுக்களையும் புலவர்களையும் கலைஞர்களையும் அமர்த்தி இர்விங் உபசரித்தார். சங்கீத மேதை லிஸ்ட் 1886இல் அங்கே வந்து உண்டார். ஆனால் எல்லாவற்றிலும் பெரிது ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வர்த்தகன் நாடகத்து நூறாவது இரவு. 1880 பெப்ரவரி 14ஆந் தேதி, நாடகம் முடிந்த கையோடு மேடையையே போஜன மண்டபமாக மாற்றி, ஏறக்குறைய 350 விருந்தினருக்கு இலையிட்டார் என்று நம் வழக்கத்திலே சொல்லலாம். ஒவ்வொருவருக்கும் அந்நாடகத்தின் பிரதியொன்று, வெண்மையான கட்டடத்துடன், நினைவுப் பொருளாக வழங்கப்பட்டது. இத்தனை உபசாரத்தையும் பெற்றுக்கொண்டு வாழ்த்துரைக்க எழுந்த ஹௌட்டன் பிரபு, ஒரே நாடகத்தை நாட்கணக்கில் ஆடும் வழக்கத்தைக் குறைகூறி, ஷைலக் என்னும் வட்டிக்காரனை இர்விங் கண்ணியவானாக்கிவிட்டதையும் கேலி செய்தார். விருந்திட்டவரோ அதற்கும் பணிவாகவே மறுமொழி கூறி அமர்ந்தார். அந்த இரவிலே ஷைலக்காக நடித்ததைவிட, அந்த மறுமொழியில்தான் அவர் அதிகம் நடித்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். ஒரு காலத்து ஆங்கிலச் சட்டம், பிரபுக்களின் ஆதரவில்லாத நடிகரை ஊர்சுற்றிகளோடும் நாடோடிகளோடும் சேர்த்து எண்ணியது. அந்த இழிவைக் கழுவுவதற்குக் கைதட்டல் போதாது. கண்ணியவான் கடிதத்துக்குப் பதில் எழுதுவது போல எழுதவும், கண்ணியவான் விருந்திடுவது போல இடவும், சர்வகலாசாலைகளிலே சென்று பிரசங்கம் செய்யவும் வேண்டியிருந்தது. 1895இல் மகாராணியார் இர்விங்குக்குச் ‘சேர்’ பட்டம் அளித்தார். நடிகரொருவருக்கு அப்பட்டம் கிடைத்தது அதுவே முதன்முறை.

அதே 1895ஆம் ஆண்டிலேதான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ பிறந்தது. கூத்தாடி என்ற சொல்லை வசையாகவே வழங்கிய சமூகத்தில், 1891இல் சில நண்பர்களோடு சுகுண விலாச சபையை நிறுவி, வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றி, விடிய விடிய நீண்ட நாடகத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கியவர் அவர். பகலிலே நியாயஸ்தலம், இரவிலே ஒத்திகை; பிற்காலத்தில் நீதிபதியாகவும் இருந்தார். சத்தியமூர்த்தியும் சி. பி. இராமசாமி ஐயரும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்களே. சபை நெடுங்காலம் குடியிருந்த கட்டடத்தின் பெயர்கூட விக்டோரியா மண்டபம் என்பது ஒரு பொருத்தம். ஆனால் முதலியார் விருந்திட்டு மதிப்பை ஈட்டியவரல்லர். தம்முடைய நாடகத்தை ஆட விரும்புவோர் தம்மிடம் அநுமதி பெற்று, அதற்குரிய பணத்தையும் செலுத்த வேண்டும் என்று புத்தகத்திலேயே அச்சிட்டு விட்டார். ஆசிரியனைக் கேளாமலே பாட்டையும் கதையையும் எடுத்தாண்டு பழகிய கம்பெனிக்காரருக்கு இது கசந்திருக்கும். எனக்கோ, இர்விங்கின் முந்நூற்றைம்பது இலைகளைவிட இந்தச் சிறு அறிவித்தலிலேயே கலைஞனின் கௌரவம் அதிகம் நிமிர்ந்து நிற்பதாகத் தோன்றுகிறது.

வெனிஸ் வர்த்தகனை முதலியார் ‘வாணீபுர வணிகன்’ ஆக்கினார். அவருடைய சபை இலங்கைக்கும் வந்து நடித்தது. அவரையே குருவாக வரித்துக்கொண்ட யாழ்ப்பாணத்துக் க. சொர்ணலிங்கம், 1913இல் கொழும்பில் இலங்கா சுபோத விலாச சபை உருவாக முன்னின்று, கலையரசு என்ற பட்டத்தோடு நீண்ட ஆயுள் வாழ்ந்தார். இலண்டனிலே இர்விங் கண்ணியவானாக்கிய அந்த வட்டிக்காரன், சென்னை வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தபோது, அவ்வேஷத்தில் புகழ்பெற்றவர் இவரே. 1968இல் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ என்ற நூலாகத் தம் அநுபவங்களை அவர் எழுதி வைத்ததனாலன்றோ, இன்று நாம் இவ்வளவாவது பேச முடிகிறது.

எங்களூர் அரிச்சந்திரர்கள் நூல் எழுதவில்லை. அவர்களுக்குச் செயலாளரும் இல்லை. வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த அழைப்புக்குக் கடிதச் சாட்சி ஏது? இருந்த கூத்துக் கொப்பிகளிலும் நோட்டீசுகளிலும் பல, 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதிச் சனங்கள் வீடுகளைப் போட்டது போட்டபடி விட்டுப் புறப்பட்டபோது அழிந்தன. ஆகையால், கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் வாசகர் எவருடைய றங்குப் பெட்டியின் அடியிலாவது, அப்பாவோ அப்புவோ வைத்திருந்த பழைய கூத்துக் கொப்பியோ, அண்ணாவியார் எழுதிய தபால் அட்டையோ கிடக்குமானால், கறையான் தின்ற தாளென்று குப்பையில் போட்டுவிடாமல், ஒரு பிரதியெடுத்து ஊருக்கு அனுப்பி வையுங்கள்.