மீனுக்கு ஏற்ற நூல்

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் பாறைகளின்மேல் நின்று தூண்டில் போடுவோரைக் கேட்டால், இரைதான் முதல், மற்றவையெல்லாம் அதற்குப் பின் என்பார்கள். இறாலோ கணவாய்த் துண்டோ புதிதாக இருந்தாற் போதும். தங்கூசியின் பருமனும் ஈயத்தின் பாரமும் அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே வந்துவிட்டவை. பசித்திருக்கும் மீனுக்கு அவர்கள் கூற்று முற்றும் பொருந்தும். ஆனால், இரை தேடுவதை ஏறக்குறைய மறந்துவிட்ட ஒரு மீனை, தின்னத்தகாத ஒரு பொருளைக் காட்டிப் பிடிக்கவேண்டுமென்றால் அந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. அங்கே நூலே முதல். (நூல் என்றால் புத்தகம் என்றே பழகிவிட்ட ஆசிரிய நண்பர்கள் இவ்வாக்கியத்தைத் தம் விருப்பம்போலப் பொருள்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபமில்லை.)

அந்த மீனுக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். வட பசிபிக் கடலில் வளர்ந்து, கனடாவிலும் அமெரிக்காவிலும் மேற்குக் கரையில் கலக்கும் ஆறுகளில் ஏறுவது. நமக்கு முற்றும் அந்நியமானதென்று எண்ணிவிட வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் தோட்டத்துரைமார் தம் பொழுதுபோக்குக்காக நமது மலைநாட்டு ஓடைகளில் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடத் தொடங்கினர். ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த நீரில் நிலைத்துப் பெருகிய வானவில் ட்ரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனமே. ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே வாழ்ந்து முடிவது ஒன்று. கடலுக்குச் சென்று கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றைத் தேடி வருவது மற்றது. பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் மடிந்துவிடும். ஸ்டீல்ஹெட்டோ பிழைத்தால் மீண்டும் கடலுக்குப் போய் மறுமுறையும் வரக்கூடியது. இதனை வாசகர் நினைவில் வைத்திருப்பது நன்று, பின்னால் வேண்டியிருக்கும்.

வெள்ளவத்தையை விட்டுக் கனடாவுக்குப் போனவர்கள் எழுதினால் பனியும் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் வரும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழும் என் சகோதரியின் மகன் எழுதினால் ஆறுதான் வரும். அவனோடு இரண்டு பருவங்கள் இடுப்பளவு குளிர்நீரில் நின்று பழகியதனால், எந்த நூல், எந்தப் பூச்சி என்று அவன் இன்றும் என்னையே கேட்கிறான்.

அங்கே கையாளப்படும் முறைக்கு ஸ்கொட்லாந்தின் ஸ்பே ஆற்றின் பெயர் வழங்குகிறது. கரையில் மரங்கள் நெருங்கி நிற்பதால் நூலைப் பின்னே வீச இடமில்லை. ஆகவே இரு கைகளாலும் பிடிக்கும் நீண்ட கோலைக் கொண்டு, நூலின் நுனியை ஒரு கணம் நீரில் தொடவைத்து, எஞ்சியதைத் தோளருகே வளையமாகச் சுழற்றி முன்னே எறிவர். நீர் அந்த நுனியைப் பற்றிக்கொள்ளும் பிடியே கோலை வளைத்து விசை தருகிறது. நம் கடற்றூண்டிலில் ஈயம் பறந்து நூலை இழுத்துச் செல்கிறது. இங்கே கொக்கியில் இறகும் மயிரும் சுற்றிய பூச்சிக்குச் சொல்லத்தக்க பாரமில்லை. நூலே பறந்து பூச்சியைச் சுமந்து செல்கிறது. அதனால்தான் நூலை வாங்குகையில் அதன் முற்பகுதியான தலையின் எடையைக் கேட்கிறார்கள். கணக்கு கிரெயினில், 7,000 கிரெயின் ஓர் இறாத்தல். எட்டாம் எண் கோலுக்கு ஸ்கஜிட் என்னும் வகைத் தலை 550 கிரெயின் அளவில், அதாவது ஏறத்தாழ 36 கிராமில் அமையும்.

கோடையில் ஆறு தெளிந்து, நீரின் வெப்பம் 10 பாகைக்கு மேல் இருக்கும்போது மீன் மேலெழுந்து வர மனங்கொள்ளும். அப்போது மிதக்கும் நூல். 13 அடிக் கோலுக்கு 35 அடியளவான, முனை மெலிந்த ஸ்காண்டிநேவிய வகைத் தலை. அதன் முன்னே 12 முதல் 15 அடி வரை தங்கூசி. பூச்சி சிறிதாகவும் இறகு குறைவாகவும் கறுப்பாகவும் இருக்கட்டும். பச்சைப் பின்புறமும் வெள்ளை இறகும் கொண்ட கிரீன் பட் ஸ்கங்க் ஒன்றே ஒரு கோடைக்குப் போதுமென்பது என் கட்சி.

மாரியில் கதை வேறு. குளிர்ந்த நீரில் மீன் அசைய மறுக்கும். பூச்சிதான் அதனிடம் போகவேண்டும். மூன்று நான்கு அங்குல நீளத்தில் செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ கறுப்பும் நீலமுமோ கலந்து கட்டிய இன்ட்ரூடர் நீரில் நனைந்தால் ஈரச் சீலைபோலக் கனக்கும். மெலிந்த நூலால் அதைத் தூக்கவே இயலாது. அமெரிக்காவின் ஸ்கஜிட் ஆற்றங்கரையில் உருவான குட்டையான, தடித்த தலை இதற்காகவே ஏற்பட்டது. 20 முதல் 25 அடி. அதன் நுனியில் 10 அடி நீளமான அமிழும் துண்டு ஒன்றைக் கோப்பர். டி-8, டி-11, டி-14 என்ற குறியீடுகள் புதியவர்களை மருட்டும். ஓர் அடிக்கு எத்தனை கிரெயின் என்பதைத் தவிர அவற்றில் வேறு மர்மமில்லை. அமிழும் நுனிக்கு முன்னே நான்கடித் தங்கூசி போதும். நீண்டால் நூல் அமிழ, பூச்சி மேலேயே மிதந்துவிடும்.

பெரும்பாலோர் வேண்டியதற்கு மேற்பட்ட பாரத்தையே தெரிகிறார்கள் என்பது என் எண்ணம். ஸ்டீல்ஹெட் தங்குமிடம் பாதாளமன்று. மனிதன் நடக்கும் வேகத்தில் ஓடும் நான்கைந்து அடி நீர். நூலைக் குறுக்காகக் கீழ்நோக்கி எறிந்து, பூச்சி வில்போல வளைந்து கரைக்கு வரும்வரை விட்டு, ஓரடி கீழே நகர்ந்து மீண்டும் எறிகிறோம். ஒவ்வொரு வீச்சிலும் கல்லில் மாட்டினால் நுனி கனம். உடனே இலகுவானதை மாற்றவேண்டும். மாற்றாமல் ஆற்றைத் திட்டுவோரையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

பூச்சிகளின் பிறப்பிடம் கேட்டால் நம்மவர் வியப்பர். மேல்நாட்டுக் கடைகளுக்காக இவற்றைக் கட்டி அனுப்பும் தொழிற்சாலைகள் இலங்கையிலேயே உள்ளன. இறகுகளிலும் நமக்குப் பங்குண்டு. ஜொக் ஸ்கொட் போன்ற பழைய சால்மன் பூச்சிகளின் கன்னத்தில் மின்னும் புள்ளியிறகு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பற் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதற்காக அப்பறவைகள் வேட்டையாடப்பட்டன. இன்று இந்தியச் சட்டம் அவற்றைக் காக்கிறது. “மாமா, அங்கேயிருந்து ஒரு கழுத்து அனுப்ப முடியுமா?” என்று மருமகன் கேட்டான். நமது காட்டுக்கோழி வேறினம், அந்தப் புள்ளி அதற்கில்லை, இருந்தாலும் அது நம் தேசியப் பறவை, வளர்ப்புப் பறவையின் இறகு விலைக்குக் கிடைத்தால் வாங்கு, இன்றேல் இல்லாமலே கட்டு, மீன் குறைசொல்லாது என்று எழுதினேன்.

மீனே குறைந்துவிட்டது என்பதுதான் இப்போதைய சங்கதி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் தொம்சன் ஆறு ஸ்டீல்ஹெட்டுக்குப் பேர்போனது. 1980களில் ஆயிரக்கணக்கில் ஏறிய அவ்வாற்றில், 2017ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வந்தவை இருநூற்றுக்கும் குறைவு என்று கணித்தார்கள். 2018இல் கனடாவின் நிபுணர் குழு, அம்மீன் அழியும் தறுவாயிலுள்ளது என அவசர மதிப்பீடு செய்தது. சால்மனுக்கு விரித்த வலைகளில் சிக்குவதும், கடலில் பிழைப்பது அரிதாவதும் காரணங்களாகக் கூறப்பட்டன. 2019இல் மத்திய அரசு அதனைச் சட்டப்பட்டியலில் சேர்க்க மறுத்துவிட்டது. தூண்டிற்காரனால் இவற்றை மாற்ற முடியாது. அவன் கையிலுள்ளது, பிடித்ததை உயிரோடு விடுவது ஒன்றே.

அதனால் நூல் தெரிவிலே இன்னொரு கணக்கும் சேர்கிறது. மெல்லிய தங்கூசியில் நெடுநேரம் மீனைக் களைக்கவைப்பதைச் சிலர் வீரமென்பர். களைத்த மீன் விட்டபின்னும் மடியலாம். ஆகவே 12 இறாத்தலுக்குக் குறையாத தங்கூசி, முள்ளில்லாத ஒற்றைக் கொக்கி, நீரைவிட்டுத் தூக்காத கை. முள்ளில்லையேல் சில மீன் தப்பும்; தப்பட்டும்.

மருமகன் இப்போது வடக்கே ஸ்கீனா ஆற்றுப் பக்கம் போகிறான். மூன்று நாளில் ஒரேயொரு தொடுகை, அதுவும் நிற்கவில்லை என்று சென்ற வாரம் எழுதியிருந்தான். அமிழும் நுனியைக் கழற்றிப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.