வண்ணம் பூசிய தளபதி

ஒல்லாந்தக் கப்பற்படைத் தலைவர் ஜோரிஸ் வான் ஸ்பில்பெர்கனும் கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனும் கைகோத்து நிற்கும் செப்புத்தகட்டு அச்சுப்படம் இலங்கை வரலாற்று நூல்கள் பலவற்றில் இடம்பெற்றுள்ளது. 1601 மே மாதம் சீலாந்திலிருந்து மூன்று கப்பல்களுடன் புறப்பட்ட ஸ்பில்பெர்கன், 1602 மே இறுதியில் மட்டக்களப்பை அடைந்தார். போர்த்துகீசியரை விரட்டத் துணை தேடிய மன்னன் அவரைக் கண்டிக்கு வரவழைத்தான். ஒல்லாந்தர் கோட்டை கட்டினால் தானும் மனைவி மக்களும் கல் சுமப்போம் என்றுகூட மன்னன் சொன்னதாக ஸ்பில்பெர்கனின் பயணக் குறிப்பு கூறுகிறது. அது 1605இல் டெல்ஃப்ட் நகரில் படங்களுடன் அச்சேறியது. விரைவிலேயே பிராங்க்ஃபர்ட்டின் டெ பிரை குடும்பத்தார் தங்கள் பயணநூல் வரிசையிலும் அதைச் சேர்த்தனர்.

அச்சானது கறுப்பு மையில் மட்டுமே. வண்ணம் பின்னர் கையால் தீட்டப்பட்டது. சில படிகளில் அக்காலத்திலேயே, பலவற்றில் விற்பனைக்காக மிகப் பிற்காலத்தில். செதுக்கியவரே கண்டியைக் கண்டவரல்லர். ஆகவே மன்னனின் உடைக்குச் சிவப்பா நீலமா என்பது தூரிகை பிடித்தவரின் ஊகம். அதை ஆதாரமாகக் கொள்வது தவறு.

பழைய படியை அடையாளம் காண வழி உண்டு. செப்புத்தகடு அழுந்திய விளிம்பு காகிதத்தில் மெல்லிய பள்ளமாகத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால், கையால் செய்த காகிதத்தின் கம்பிக் கோடுகள் தென்படும். செப்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சை, காலப்போக்கில் காகிதத்தைத் தின்று பின்பக்கம் பழுப்பாக ஊறியிருக்கும். உருப்பெருக்கியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது இக்கால அச்சு.

பின்பக்கத்தில் பயண வருணனையின் வரிகள் இருந்தால்தான் உண்மையான கவலை தொடங்குகிறது. அந்தத் தாள் ஒரு நூலிலிருந்து அறுக்கப்பட்டது. முழு நூலைவிடத் தனித்தனிப் படங்கள் கூடுதல் பணம் தருவதால், நானூறு ஆண்டு தாண்டி வந்த நூல்கள் பிரிக்கப்படுகின்றன. படம் சுவரேறுகிறது, அதை விளக்கிய எழுத்து சிதறிவிடுகிறது. எளியவரும் வரலாற்றில் ஒரு துண்டை வாங்க முடிகிறதே என்பது வணிகர் வாதம். ஆனால் மட்டக்களப்பைப் பற்றிய ஐரோப்பியரின் தொடக்ககாலப் பதிவுகளில் ஒன்று இப்படி உதிர்ந்தால், அந்தப் படியை மீண்டும் ஒன்றுசேர்க்க முடியாது.

சுவரேறிய தாளுக்கும் பாதுகாப்பில்லை. கடலோர இடங்களில், ஈரக்காற்று கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து பூஞ்சை படர்த்தும். கண்ணாடியில் காகிதம் ஒட்டாதபடி இடைவெளி விட்டு, அமிலமற்ற அட்டையில் பொருத்தி, வெயில் படாத உட்சுவரில் மாட்ட வேண்டும்.

டெ பிரை தொகுதிகளை நூலகங்கள் எண்ணிமப் படிகளாக இணையத்தில் தந்துள்ளன. வாசகர்கள் படத்தை அங்கே முழு நூலுடன் பார்க்கலாம். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், எந்த நூலிலிருந்து, எப்போது பிரித்த தாள் என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.