முதுமையும் மறதியும்: மின்தூண்டல் தொப்பி உதவுமா?

ஆசிரியர்களே, இருபது சொற்களை வாசித்துவிட்டு மாணவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் கேட்டவையும் கடைசியில் கேட்டவையும் வரும். நடுவில் உள்ளவை நழுவிடும். தொடக்கச் சொற்கள் நீண்டகால நினைவுக்குப் போய்விட்டவை. கடைசிச் சொற்கள் இன்னும் செயல் நினைவில் நிற்பவை.

அமெரிக்காவின் போஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்விலும் இதே பயிற்சிதான். 65 முதல் 88 வயது வரை மொத்தம் 150 பேர். ஐந்து பட்டியல், ஒவ்வொன்றிலும் 20 சொல். மின்முனைகள் பொருத்திய தொப்பி வழியாக மெல்லிய மாறுமின்னோட்டம், தினமும் 20 நிமிடம், நான்கு நாள். அறுவை, ஊசி எதுவுமில்லை. ஒரு பிரிவினருக்கு வெறும் பாவனைத் தூண்டல்.

நெற்றிப்பக்க மூளையில் விநாடிக்கு 60 அலை கொடுத்தபோது தொடக்கச் சொற்கள் கூடுதலாக நினைவில் நின்றன. பின்பக்கவாட்டில் 4 அலை கொடுத்தபோது கடைசிச் சொற்கள். வேகத்தை இடம் மாற்றிக் கொடுத்தால் பலனில்லை. சும்மா மின்சாரம் பாய்ச்சினால் போதாது என்பதற்கு இதுவே சான்று. பலன் ஒரு மாதம் கழித்தும் இருந்தது; ஆரம்பத்தில் பின்தங்கியவர்களே அதிகம் முன்னேறினார்கள். (நம்ம வகுப்பில் இப்படி நடந்தால் எவ்வளவு நல்லா இருக்கும்!)

“அப்பாவுக்கு ஒன்னு வாங்கலாமா?” அவசரம் வேண்டாம். பங்கேற்றவர்கள் மறதிநோய் இல்லாதவர்கள். கூடியது சொற்பட்டியல் நினைவு, மாத்திரை நேரம் அல்ல. வலிப்பு உள்ளவர்கள், இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இணையத்தில் விற்கும் கருவிகளைத் தொடவே கூடாது. மறதி கூடினால் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்க. தைராய்டு குறைவு, பி12 பற்றாக்குறை, காது மந்தம்கூட மறதிபோலத் தெரியும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு.